போனில் தெரிகிற சூடு

கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்து மறுபடியும் கொட்டியது. சுபாஷினி கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் நுனிகள் சில்லிட்டிருந்தன. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அந்தப் பீங்கான் கம்பெனியின் ஆபீஸ் அறைக்கு மட்டும்தான் ஏசி. அதுவும் கம்ப்யூட்டருக்காகப் போட்டது. அவளுடைய தெருவில் கேட்டால், "அவளுக்கென்ன, ஏசி ரூம்ல ஒக்காந்து பொத்தானத் தட்டுறா" என்பார்கள். தட்டத்தான் செய்தாள். கம்பெனி செய்கிற பீங்கான் ப்யூஸ் கேரியர்களுக்கு பில் போட்டாள், ஜிஎஸ்டி கணக்குப் பார்த்தாள். அவள் பி.சி.ஏ. படித்தவள் என்பது முதலாளிக்கு வருஷக்கணக்காக ஞாபகம் வராமல் இருந்தது. போன வாரம் வந்துவிட்டது.

முதலாளி பாலகிருஷ்ணன் சூளைக்குப் புதிதாக ஒரு மீட்டர் வாங்கியிருந்தார். சூளைக்குள் எத்தனை டிகிரி என்பதை அது ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை முதலாளியின் போனுக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்புகிற புரோகிராமுக்கு மீட்டர் விற்றவன் சொன்ன விலையைக் கேட்டு அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பெங்களூரில் இருக்கும் மச்சான் மகன் நந்தகுமார்தான் போனில் வழி சொன்னான். "எதுக்கு மாமா தண்டம்? ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி நெட்டுல சும்மாவே கெடக்குது. யாராவது கம்பைல் பண்ணா முடிஞ்சிது."

யாராவது என்றால் சுபாஷினி.

சும்மா கிடப்பது நிஜம்தான். எந்த ஊர்ப் பிள்ளைகளோ புரோகிராம் துண்டுகளாக எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் எடுத்த மாத்திரத்தில் ஓடாது. பச்சைக் களிமண் மாதிரி அது. அந்தந்தக் கம்ப்யூட்டரில் வைத்துச் சுட்டெடுக்க வேண்டும், அதற்குப் பெயர்தான் கம்பைல். போனுக்குச் சேதி அனுப்பும் லைப்ரரியை இவள் கூப்பிட்டால், பூட்டுச்சாவி போடுகிற இன்னொரு லைப்ரரி இல்லாமல் வரமாட்டேன் என்றது. அதைக் கூப்பிட்டால் அது வேறொன்றைக் கைகாட்டியது. கல்யாணத்துக்கு மாமனை அழைக்கப்போய், மச்சானுக்குத் தனிப் பத்திரிகை, சகலைக்குத் தனி வெற்றிலை பாக்கு என்று இழுத்துக்கொண்டே போன கதை.

கதவு திறந்தது. முதலாளி வெள்ளைச் சட்டையில் பயணத்துக்குத் தயாராக இருந்தார். மகளுக்குச் சென்னையில் வளைகாப்பு. சாயங்காலம் ரயில்.

"என்னம்மா, ஆச்சா?"

"ஆயிட்டே இருக்குது சார்."

அந்த நேரம் பார்த்து, வைரஸ் பிடிக்கிற புரோகிராம் விழித்துக்கொண்டு, ஆபத்து என்று ஒரு சிவப்புப் பெட்டியைத் திரை நடுவில் நிறுத்தியது. முதலாளி இரண்டடி பின்னால் போனார்.

"என்னாத்தம்மா ஏத்தி வச்ச? எம் பேங்கு கணக்கெல்லாம் இதுலதான் இருக்குது!"

"புதுசா ஒரு ஃபைல் வந்தா இது அப்படித்தான் சார் கத்தும்…"

"சும்மா வர்ற பொருள்ல சூனியம் இருக்கும்னு எங்க அம்மா சொல்லும். முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடும்மா. மங்கலம்பேட்டைலேர்ந்து ஒரு பையன் நேத்தும் போன் பண்ணான். இந்த வேலையும் பாப்பானாம், பில்லும் போடுவானாம். ரெண்டு ஆளு எனக்கு எதுக்கு?"

அவர் வெளியே போனபோது கதவைச் சாத்தவில்லை. சுபாஷினியின் புருஷன் பிரேம்நாத் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். அரவை இல்லாத மாதங்களில் வீட்டில் சும்மா இருப்பான். சும்மா என்று சொல்வதும் தப்பு, செல்போன் பார்ப்பான். அரிசியும் பருப்பும் அந்த மாதங்களில் இவளுடைய பொத்தானிலிருந்துதான் வந்தன.

ஜன்னலுக்கு வெளியே, இன்னும் சுடாத பச்சை ப்யூஸ் கேரியர்களின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்த பூவாயி தலையை நீட்டினாள். தொழிற்பேட்டையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்தவள்.

"ஏண்டி, மூஞ்சி வெளுத்துப் போயிருக்குது? பொட்டி ஒடைஞ்சிப் போச்சா?"

"ஒடையல அக்கா. நீ ஒன் வேலையப் பாரு."

"நான் எங்க பாக்குறேன்? எங் கண்ணு தானா பாக்குது."

சூளைக்காரர் உலகநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தார். விடியற்காலையில் பர்னரைப் பற்ற வைத்தவர். ஒரே தெரு என்பதால் சுபாஷினிக்குப் பெரியப்பா முறை. பர்னர் இரைச்சலில் நின்று நின்று காது மந்தம், அதனால் எதையும் கத்தித்தான் சொல்வார்.

"கரண்டு ஏறி எறங்குதுன்னியே, மண்ணு அரைக்கிற மில்லை நிறுத்தச் சொல்லிட்டேம்மா! ஒன் வேலை முடியிற வரைக்கும் யாரும் ஓட்டக்கூடாதுன்னுட்டேன்!"

"முதலாளி திட்டப் போறாரு பெரியப்பா."

"என்னைத்தானே திட்டுவாரு! திட்டட்டும்!" இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சின்னப் பிள்ளையாரை எடுத்தார். சூளைக் கதவைச் சாத்தியதும் வைப்பதற்காக வெள்ளை மண்ணில் பிடிப்பது. ஒன்று கூடுதலாகப் பிடித்திருக்கிறார். அருகம்புல்லோடு சேர்த்து சிபியூ பெட்டியின் மேல் வைத்தார். பிறகு குனிந்து திரையைப் பார்த்தார். அவள் மறுபடி ஓடவிட்டிருந்த எழுத்து இப்போது மஞ்சளில் ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து பூரா செவப்பா இருந்துது, இன்னிக்கு மஞ்சளு! சூளையிலயும் அப்படித்தான். செவப்பு தாண்டி மஞ்சளுக்கு வந்துட்டா வேகுதுன்னு அர்த்தம். பாதியில மட்டும் தொறந்துடாத!"

அவர் சொன்னது தப்பும் இல்லை. சிவப்பு என்றால் பிழை, மஞ்சள் என்றால் வெறும் எச்சரிக்கை. அவர் போன பிறகுதான் சுபாஷினி ஓடுகிற வரிகளை நிதானமாகப் படித்தாள். படித்ததும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆபீஸ் கம்ப்யூட்டரின் பழைய விண்டோஸ் முப்பத்திரண்டு பிட். அவள் கம்பைல் செய்துகொண்டிருந்ததோ அறுபத்துநாலு பிட்டுக்கு. முப்பத்திரண்டு சைஸ் ஆளுக்கு அறுபத்துநாலு சைஸ் சட்டை. ஒரு வாரமாகச் சேராத பொத்தானெல்லாம் அதனால்தான் சேரவில்லை. பழையதை அழித்துவிட்டு, அளவை மாற்றி, முதலிலிருந்து ஓடவிட்டாள்.

வரிகள் மேலேறின. இந்த முறை சிவப்பு வரவில்லை. மூச்சு கொஞ்சம் இறங்கியது.

அப்போதுதான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முதலாளியின் குரல் கேட்டது. நந்தகுமாரோடு போனில்.

"வந்துடும்போல இருக்குது மாப்ள… ஆமா. சூடு என் கைக்கே வந்துட்டா அப்பறம் சூளைக்கு ஆளு எதுக்கு? பர்னரை ஏத்தி எறக்க ஒரு ஹெல்ப்பர் போதும், நான் போன்ல சொல்லிடுவேன். பெரியவரை தீபாவளியோட அனுப்பிட வேண்டியதுதான்… சேச்சே, இப்ப சொல்லல. ஒங்களுக்கு ஒத்தாசைக்குத்தான் மிசினு வாங்குறேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பூவாயியின் ஸ்பாஞ்சு நின்றது. இரண்டு பெண்களும் ஜன்னல் கம்பி வழியாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். பூவாயி வாயைத் திறந்தாள். பிறகு, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், மூடிக்கொண்டாள். அடுத்த கேரியரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. இத்தனை நாள் ஆகாமல் போய்விடுமோ என்று அடித்துக்கொண்ட நெஞ்சு, இப்போது ஆகிவிடப் போகிறதே என்று அடித்துக்கொண்டது. நிறுத்துவதற்கு இரண்டு விசைகள் போதும். சுபாஷினி விரலை அவற்றின் மேல் வைத்தாள். நிறுத்தினால் மங்கலம்பேட்டைப் பையன் திங்கட்கிழமை இந்த நாற்காலியில் உட்கார்ந்து இதையே முடித்துக் கொடுப்பான். விரலை எடுத்துவிட்டு, எழுந்து சூளைப் பக்கம் ஓடினாள்.

உலகநாதன் பார்வைத் துளையில் கண்ணை வைத்திருந்தார். முகம் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது.

"பெரியப்பா… இந்த மிசினு வந்துட்டா…"

"ஆங்?"

"மிசினு! வந்துட்டா ஒங்களுக்கு…"

"எனக்கு நிம்மதிம்மா!" என்று சிரித்தார். "ராவுல கண்ணு சொக்குது, வயசாவுதில்ல. ஒங்களுக்கோசரம்தான் வாங்குறேன்னாரு முதலாளி. ஒங்க பெரியம்மா நம்பவே மாட்டேங்கிறா. அவரு எப்ப அடுத்தவனுக்குச் செலவு பண்ணாருங்கிறா! அவ சந்தேகத்துல பொறந்தவ, உடு. ஒன்னைத்தான் நம்பியிருக்கேன்."

"பாத்து நில்லுங்க, அனல் அடிக்குது" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்தபோது வரிகள் ஓய்ந்திருந்தன. பிழை ஏதும் இல்லை என்று கடைசி வரி சொன்னது. அவள் உட்காருவதற்குள் முதலாளி வாசலில் நின்றார்.

"ஆச்சா, இல்லையா? கார் வந்துட்டுது."

ஆகவில்லை என்று சொல்ல ஒரு வார்த்தைதான். முதலாளி தன் போனை எடுத்து மங்கலம்பேட்டை நம்பரைத் தேடுவதைப் போல விரலால் தள்ளினார். உண்மையிலேயே தேடினாரோ என்னவோ.

"ஆயிட்டுது சார்," என்றாள்.

நந்தகுமார் அனுப்பியிருந்த சின்ன புரோகிராமோடு லைப்ரரியைச் சேர்த்து ஓடவிட்டாள். முதலாளியின் போன் டிங் என்றது. எழுநூற்றுத் தொண்ணூற்றாறு. அவர் முகம் மலர்ந்தது. ஆனாலும் வியாபாரி. "மெய்தானான்னு எப்படித் தெரியும்? பழைய மீட்டர்ல என்ன காட்டுதுன்னு பெரியவரைப் படிக்கச் சொல்லு."

சுபாஷினி ஆபீஸ் வாசலில் நின்று கையால் சைகை காட்டினாள். உலகநாதனுக்குப் புரிந்தது. துண்டின் சுத்தமான முனையைத் தேடி எடுத்து, பழைய மீட்டரின் கண்ணாடியில் படிந்திருந்த மண்தூளைத் துடைத்தார். எட்டி நின்று ஒருமுறை, கிட்டப் போய் ஒருமுறை பார்த்தார். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதல்லவா.

"எழுநூத்தித் தொண்ணூத்தாறு!"

"தொண்ணூத்தாறேதான்!" முதலாளி தொடையில் தட்டிக்கொண்டார். "இன்னொரு தடவ கேளு."

"எழுநூத்தித் தொண்ணூத்தெட்டு!"

"அடி சக்கை!"

முதலாளி போனைப் பார்த்தபடியே காரில் ஏறினார். கேட்டைத் தாண்டி, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கார் திரும்பியது. பூவாயி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

கார் போனதை உலகநாதன் பார்க்கவில்லை. மீட்டரை விட்டுக் கண்ணை எடுத்தால் எண் தவறிவிடும் என்று முதுகைக் காட்டியே நின்றார்.

"எண்ணூறும்மா!" என்று கத்தினார். "அங்க சரியா வருதா?"

"வருது பெரியப்பா."

"எண்ணூத்தி ரெண்டு! சரியா?"

"சரி பெரியப்பா."

"எண்ணூத்தி அஞ்சு!"