ஒரே வேலைக்கு இரண்டு எதிர்காலம்

மருமகள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காரக்கூட இல்லை, மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தப் பயிற்சிக்கெல்லாம் போக வேண்டாம். பேசாம வேலையையே விட்டுடு. இன்னும் அஞ்சு வருஷத்துல எல்லாத்தையும் மெஷினே பாத்துக்குமாம். எதிர்காலமே இல்லாத வேலைக்கு எதுக்கு இந்த ஓட்டம்? நானா சொல்லல, உன் புருஷன்தான் சொல்றான்."

புருஷன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொன்னது அவன்தான். கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலைகளின் வருங்காலம் பற்றி இணையத்தில் வந்த ஒரு கட்டுரையை அம்மாவுக்கு உட்கார்ந்து விளக்கியிருந்தான். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு இடம் இருக்கிறது என்ற பின்பாதியை மட்டும் சொல்லவில்லை.

இருவருக்கும் ஒரே வேலை. அவன் கம்பெனிக்குத்தான் அவள் முதன்முதலில் பயிற்சிக்கு வந்தாள். கேபிள் முனையில் எட்டுக் கம்பிகளையும் வரிசை மாறாமல் கோக்கக் கற்றுக்கொடுத்ததே அவன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேறு கம்பெனிக்கு மாறினாள். அவன் மட்டும் இன்னும் ஏணியும் லேப்டாப்புமாகக் கிளை கிளையாக அலைந்துகொண்டிருந்தான். எங்காவது ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் படுத்துவிட்டால் அவனுக்கு அரை நாள் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஏதோ ஒரு கிளையில் எல்லாம் முடங்கிவிட்டதாம். துணிக் கிளிப்பைப் பல்லில் கடித்தபடி, வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து நாலு வரி தட்டினாள். சரியாகிவிட்டது. மிச்சத் துணியை எடுத்து உதறினாள். பெருமையாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அவள் ஒன்றுமே சொல்லாததுதான் அவன் பொறாமையைக் கிளறியது. அவளை எட்டு வாரப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், முடித்தால் ஒரு குழுவுக்கே தலைவி என்று தெரிந்த அன்றுதான் அவன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தான்.

"யோசிச்சுச் சொல்றேன், அத்தை," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் இரண்டு தாள்களை மேஜைமேல் வைத்தாள். இரண்டிலும் ஒரே வாசகம்: 'இத்துறைக்கு நீண்டகால எதிர்காலம் இல்லாததால் பணியிலிருந்து விலகுகிறேன்.' ஒன்றில் அவள் பெயர், இன்னொன்றில் அவன் பெயர்.

"இவனுக்கு எதுக்கும்மா இது?" என்றாள் மாமியார்.

"ஒரே வேலைதானே, அத்தை? எனக்கு அஞ்சு வருஷம்னா அவருக்கும் அதேதான். சேர்ந்தே விட்டுடறோம்."

"நல்லா இருக்கே கதை! அவன் ஆம்பளம்மா. அவன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிறது என்று அவன் அலுவலகத்தில் ஒரு மாதமாகவே முணுமுணுப்பு. இரண்டு தாள்களில் முதலில் பலிக்கப்போவது எது என்று அவனுக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும் என்பதை அவள் பார்வையே சொன்னது.

"சொல்லுங்க, கையெழுத்து போடறீங்களா?"

"காலங்காத்தால என்ன விளையாட்டு இது?" என்று எழுந்து போனான்.

அவள் இரண்டையும் கிழித்துப் போட்டாள். திங்கட்கிழமை பயிற்சிக்குக் கிளம்பிப் போனாள்.

எட்டு வாரமும் அவன் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தன்னோடு படிப்பவர்களுடன் போனில் பேசிச் சிரித்தால், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான். அவள் குழுத் தலைவியானபோது, இனிப்புப் பெட்டியைத் திறக்காமலே நகர்த்தி வைத்தான்.

அடுத்த மாதம் அவன் கம்பெனியில் பட்டியல் வந்தது. பன்னிரண்டு பேர் பார்த்த வேலைக்கு இனி நாலு பேர் போதும். அவள் படித்த அதே பாடத்தில் தேர்வு எழுதித் தேறுகிறவர்களுக்கே இடம். புத்தகத்தை வாங்கிப் பைக்குள் ஒளித்துவைத்துத் தனியாகவே மூன்று நாள் முட்டிமோதிப் பார்த்தான். ஒரு பக்கம்கூட நகரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அதை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"இதுல எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?" அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

குத்திக்காட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இங்கேர்ந்து. முதல்ல இதை எழுதிப் பாருங்க."

அரை மணி நேரம் போயிருக்கும். சமையலறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, புருஷன் பரீட்சைக்குப் படிக்கிறான். அவன் வருங்காலமே இதுலதான் இருக்கு. நீ எதுக்குக் குறுக்கே உக்காந்துக்கிட்டு? எழுந்து வா, பாத்திரம் அப்படியே கிடக்கு."

அவன் ஏதாவது சொல்வான் என்று அவள் ஒரு கணம் பார்த்தாள். அவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டாவது வரி தப்பு," என்றாள். "அடிச்சிட்டு மறுபடி எழுதுங்க."