மருந்து இல்லாத ஊசி

சினைக் குரங்கின் கைகளை முதுகுக்குப் பின்னால் மடக்கிப் பிடித்திருந்தான் தோமஸ். ஜப்பானிய டாக்டர் அதன் தொடையில் ஊசியை ஏற்றி முடிப்பதற்குள், வாசலில் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவின் குரல் கேட்டது.

"தம்பி, இன்பராணிக்குக் கண்ணு சொருகுதுப்பா. சீக்கிரம் வா!"

மாசாய் சாலையோரம், நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான் ராணுவம் நடத்திய ஆய்வுக்கூடம் அது. ஊரில் பரவிய காய்ச்சலின் கிருமியைச் சினைக் குரங்குகளுக்கு ஏற்றி, வயிற்றுக் குட்டியை அது என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். கூண்டு கழுவுவதும் குரங்கைப் பிடிப்பதும் தோமஸின் வேலை. முதலில் குட்டி அசையாமல் போகும். பிறகு தாய் தீனியைத் தொடாது. அதற்குமேல் அவன் பார்க்க விரும்பியதில்லை.

அவன் மனைவி இன்பராணிக்கு இது ஏழாம் மாதம். அதே காய்ச்சல்.

தோமஸ் டாக்டரின் காலடியில் மண்டியிட்டான். துபாசி சரவணமுத்து ஜப்பானிய மொழியில் சொல்லிப் பார்த்தார். பதிலைக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மருந்தொண்டும் இல்லையாம், தோமஸ். அதைக் கண்டுபிடிக்கத்தானாம் இந்த வேலையே."

"ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லுங்க ஐயா."

"வருவாராம்." சரவணமுத்து தயங்கினார். "ரத்தம் எடுக்க."

வேண்டாம் என்று சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்? நேரில் பார்த்தால் மனம் இரங்காதா என்ற நப்பாசையும் இருந்தது.

லாரியில் வந்து இறங்கினார்கள். டாக்டர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பாயில் கிடந்த இன்பராணி சட்டென்று முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

"ஏங்க, காலையிலேருந்து புள்ள அசையவே இல்லைங்க."

"தூங்குதுமா," என்றான் தோமஸ்.

டாக்டர் கண்ணைக் காட்டினார். தோமஸ் அவள் கையைப் பிடித்தான். அவனையும் அறியாமல் விரல்கள் மணிக்கட்டை இறுக்கின.

"வலிக்குதுங்க. நான் ஓடவா போறேன்?" என்று சிரிக்கப் பார்த்தாள்.

குழாயில் ரத்தம் ஏறியது. டாக்டர் மூடியைத் திருகிப் பெட்டியில் வைத்து, குனிந்து தலை வணங்கிவிட்டுப் போனார்.

"ஊசி போட்டாச்சுல்ல? இனிமே சரியாயிடும்தானே?"

"ஆமா."

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள். பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கடைசிவரை தோமஸ் ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தான். வெள்ளையம்மா வந்து அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சவப்பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லை. ஜெபம் முடிந்ததும் அவளைப் பாயில் சுருட்டிக் கயிறு கட்டினார்கள். நெஞ்சில் ஒரு கட்டு, முழங்காலில் ஒரு கட்டு, நடுவே வயிற்றின் மேல் ஒன்று.

தூக்கப்போனவர்களைக் கையமர்த்திவிட்டுத் தோமஸ் குனிந்தான். நடுக்கட்டை மட்டும் அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்திக் கட்டினான்.