தொட்டியும் ரத்தமும்

தம்பியின் கண் மஞ்சளாகத் தொடங்கியபோது முலாம் பட்டறையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "முலாம் பூசுறவன் மேலயே முலாம் ஏறிடுச்சு" என்று அவனே சொல்லிச் சிரித்தான். காமாலையாக இருக்கும், கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் அண்ணனும் நினைத்தார். முதுகு வலிக்கிறது என்று தம்பி சில மாதங்களாகவே முனகிக்கொண்டிருந்ததும், பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டதும் பிறகுதான் நினைவுக்கு வந்தன.

கணையத்தில் கட்டி, ஈரல்வரை பரவிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது தம்பி மனைவி அழவில்லை. வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானே மாமா அவரை அந்தத் தொட்டிக்கிட்ட நிறுத்தினீங்க?"

அவள் சொன்னது உண்மைதான். பட்டறைக்கு வரும் தாழ்ப்பாள், கைப்பிடி, குழாய் எல்லாவற்றையும் முலாம் போடுவதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவ வேண்டும். அதற்கான ரசாயனத் தொட்டி பின்பக்கம் இருந்தது. மூடியைத் தூக்கினால் இனிப்பான நெடி மூக்கில் ஏறித் தலை லேசாகச் சுற்றும். அப்பா போனபின் அண்ணன் முன்பக்கம் வந்து ஆர்டர் பார்க்க, படிப்பு ஏறாத தம்பி தொட்டிக்குப் போனான். அதற்கு முன் அண்ணனும் பல வருடங்கள் அதே தொட்டியின் மேல் குனிந்து நின்றவர்தான். இப்போது அதைச் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று விழுங்கிக்கொண்டார்.

அந்த வாரமே தொட்டியை எடுத்துவிட்டு, வெந்நீரும் சோப்புக் கரைசலும் வைத்துக் கழுவ ஏற்பாடு செய்தார். வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலம் கடந்து செய்கிறோம் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. தட்டின் முன் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா அண்ணனைப் பார்த்துக் கேட்டார்:

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது புற்றுநோய் இருந்துச்சா?"

"அம்மாவுக்கு மார்புல கட்டி. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்பவே போயிட்டாங்க."

"அம்மாகூடப் பிறந்தவங்க?"

"ஒரு மாமா. வயித்து வலின்னு படுத்தாரு. எந்திரிக்கவே இல்ல."

டாக்டரம்மா இரண்டையும் குறித்துக்கொண்டார். பிறகு நிதானமாக விளக்கினார். சில குடும்பங்களில் ஒரு மரபணு பழுதாக இருக்கும். அது ஒருவருக்கு மார்பில் காட்டும், இன்னொருவருக்குக் கணையத்தில் காட்டும். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் தெரியும். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கவும் உதவும்.

"மருந்து கேக்குதோ இல்லையோ, என் பொண்ணுக்காகப் பாத்துடலாம்" என்று தம்பி கையை நீட்டினான். அண்ணனும் கொடுத்தார்.

தம்பியின் ரத்தத்தில் அந்தக் கோளாறு இருந்தது. அண்ணனிடம் இல்லை.

"அப்போ தொட்டியால வரலையா?" அவருடைய வாய் முந்திக்கொண்டது.

"அப்படியும் சொல்ல முடியாதுங்க. இந்தக் கோளாறு இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு இந்த நோய் வர்றதே இல்ல. அவர் பிடிச்ச சிகரெட் நிச்சயமா ஆபத்தைக் கூட்டும். அந்த மாதிரி ரசாயனங்கள் மேலயும் சந்தேகம் இருக்கு. ஒருத்தர் உடம்புல எது எவ்வளவு செஞ்சுதுன்னு பிரிச்சுக் காட்ட யாராலயும் முடியாது."

அவருக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. இறங்கியதை உணர்ந்ததும் அவமானம் பிடுங்கித் தின்றது. தனக்கு இல்லை என்பதில் ஒரு நொடி வந்த நிம்மதியையும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

தம்பி அதைப் பார்த்துவிட்டான். ஒரு பிற்பகலில், ஜன்னலோரக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவன், "அண்ணே, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே" என்றான். "அம்மா குடுத்தது கொஞ்சம், நீ குடுத்தது கொஞ்சம், சிகரெட்டு நானே புடிச்சது. என் பங்கும் இருக்கில்ல? எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா எப்படி?"

சிரிக்க முயன்று இருமினான். அண்ணன் அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தான்.

சில மாதங்கள் கழித்து தம்பி மனைவி பட்டறைக்கு வந்தாள். அவர் எழுந்து நின்றார். அவள் உட்காரவில்லை.

"உங்க மேல கோவமா இருந்தப்ப நிம்மதியா இருந்துச்சு மாமா. இப்போ யாரைத் திட்டுறது? செத்துப்போன மாமியாரையா?" குரல் உடைந்தது. "பொண்ணு டெஸ்ட் எடுக்க மாட்டேங்கிறா. நீங்க சொன்னா கேப்பா."

அவர் தம்பி மகளைப் பார்க்கப் போனார். அவள் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். நல்ல உயரம், அகன்ற தோள், ஒரு நாள் காய்ச்சலென்று படுத்ததில்லை. குளத்தின் விளிம்பில் ஈரக் காலோடு உட்கார்ந்து, "தெரிஞ்சுக்கிட்டு என்ன பெரியப்பா பண்றது?" என்றாள்.

"எனக்குத் தெரியலம்மா. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சப்ப ஒண்ணும் பண்ண முடியல. உனக்கு முடியுமோ என்னவோ."

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல வாரங்கள் கழித்து அவளாகவே கூப்பிட்டு, "கூட வர்றீங்களா?" என்றாள்.

முடிவைக் கேட்கவும் இருவரும்தான் போனார்கள். அவளுக்கும் இருந்தது. மார்புக்கு இப்போதிருந்தே வருடாவருடம் ஸ்கேன், வயது ஏறியதும் கணையத்துக்கும், சிகரெட் வாடையே கூடாது, ஒருநாள் குழந்தை பெற நினைத்தால் முதலில் வந்து பேச வேண்டும் என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் தலையாட்டிக் கேட்டாள். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வாங்க பெரியப்பா, அழாதீங்க" என்று அவள்தான் கையைப் பிடித்து இறக்கினாள். "நோய் இன்னும் வரல. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கதவைத் திறந்த தம்பி மனைவி இரண்டு முகங்களையும் பார்த்தாள். காலை நீச்சலின் ஈரம் காயாத மகளின் தலைமுடியை ஒருமுறை தடவிக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"எப்போ ஸ்கேனுக்கு வரச் சொன்னாங்க?"

"அடுத்த மாசம்."

"நானும் வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பியவள், வாசலிலேயே தயங்கி நின்ற அவரிடம், "உள்ள வாங்க மாமா. சாப்பிட்டுப் போகலாம்" என்றாள்.