மனைவியிடம் கேட்கும் பதினைந்து கேள்விகள்

எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒருவரை மூப்பராக்க வேண்டுமென்றால் முதலில் அவருடைய மனைவியைக் கேட்பார்கள். கேள்விப்படுகிறவர்களுக்கு எவ்வளவு நல்ல வழக்கம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, என் முறை வரும் வரைக்கும்.

மூப்பராகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்று வேதத்தில் ஒரு பட்டியல் உண்டு. ஒரே மனைவி, குடி கூடாது, கைநீட்டக் கூடாது, சண்டை கூடாது, பணத்தின் மேல் ஆசை கூடாது, வந்தவர்களை உபசரிக்க வேண்டும், சொந்த வீட்டை ஒழுங்காக நடத்த வேண்டும் என்று போகும். அதைப் பதினைந்து கேள்விகளாக்கி, டைப் அடித்த தாளோடு போதகர் வீட்டுக்கே வருவார். மற்ற மூப்பர்களும் கூட வருவார்கள். மனைவி பதில் சொல்லி அடியில் கையெழுத்துப் போட வேண்டும். புருஷன் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பார், நடுக்கதவு திறந்தே இருக்கும். ஒளிவுமறைவு கூடாதாம். இந்த ஏற்பாட்டை யோசித்துக் கண்டுபிடித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்து அவரைச் சுவரில் கொண்டுபோய் முட்டியவர்களிடம்கூடக் குரலை உயர்த்தியதில்லை. அந்தப் பொறுமைக்காகவே எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து சேருவார்கள். சபையிலும் அதே மனுஷன்தான். வயதானவர்கள் பிடித்து வைத்துக்கொண்டு முழங்கால் வலியைப் பற்றிப் பேசினால் கையைப் பற்றியபடி கடைசி வரை கேட்பார். தங்கமானவர் என்று எல்லோரும் சொல்வார்கள்.

போதகர் தாளோடு வந்த சனிக்கிழமை, என் வீட்டுக்காரர் என்னிடம் பேசி நூற்று முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது எல்லா வீட்டிலும் உண்டு. இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பார்கள், மூன்றாம் நாள் சட்டைப் பொத்தான் அறுந்தால் தானாக வாய் திறந்துவிடும். இவர் விஷயம் அப்படி இல்லை. கல்யாணமான வருஷம் பதினோரு நாள். பிறகு ஒருமுறை நாற்பது. மகள் சபைக்கு வரமாட்டேன் என்று சொன்னபோது, அவள் பக்கம் பேசினேன் என்று அறுபத்து மூன்று. இந்தத் தடவை என் வாய்தான் காரணம். சபையார் சிலர் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். "என்கிட்ட கத்துக்கிட்டவங்க யாரும் டெஸ்ட்ல பெயிலானதே கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நம்ம பொண்ணே ரெண்டு தடவை பெயிலாச்சே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வந்தவர்கள் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அத்தோடு சரி.

அடிப்பதில்லை, திட்டுவதில்லை. வைத்ததைச் சாப்பிடுவார். கரண்ட் பில் வந்தால் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். நான் ஏதாவது கேட்டால், அந்த அறையில் ஆளே இல்லாததுபோல அடுத்த வேலையைப் பார்ப்பார். முதல் மாதம் கத்தினேன். இரண்டாம் மாதம் மன்னிப்புக் கேட்டேன், எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. மூன்றாம் மாதம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நானே என்னோடு பேசிக்கொண்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களின் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. கேட்டால் பதில் வருகிற இடம் எனக்கு அது ஒன்றுதான். சில நாள் கடை சாத்திய பிறகும் அங்கிருந்து கிளம்ப மனசு வராது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் குரலுக்காக நான் ஏங்கிப்போயிருந்தேன். ஒரு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது.

மூப்பர் வேண்டும் என்று சபையார் தவியாய்த் தவித்ததற்கும் காரணம் இருந்தது. மூன்று மூப்பர்கள் கூடித்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும், போதகர் ஒருவரே தீர்மானிக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஒருவர் மகனோடு வெளியூர் போய்விட்டதால் எட்டு மாதமாக இரண்டே பேர். ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். இன்னொருவர் பிளம்பர் அண்ணன். யாரைக் கேட்டாலும் நேரமில்லை என்று நழுவினார்கள். ஐந்தாவதாகக் கேட்ட என் வீட்டுக்காரர்தான் சரி என்றார். ஆள் கிடைத்தாரே என்று எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

அன்று மூன்று பேரும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தார்கள். "உக்காருங்க, டீ வரும்" என்றார் அவர். யார் கொண்டுவருவார்கள் என்று சொல்லவில்லை. பிறகு படுக்கையறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். திறந்த கதவு வழியாக அவருடைய ஒரு முழங்கால் மட்டும் எனக்குத் தெரிந்தது.

போதகர் ஆரம்பித்தார். நல்ல மனிதர், கேட்கவே கூச்சப்பட்டார். "குடிப்பாராம்மா?"

"இல்லைங்க."

"கைநீட்டுவாரா?"

"இல்ல."

"சண்டைக்காரரா?"

"சண்டைன்னா ரெண்டு பேரு பேசணுமே" என்றேன். ஹெட்மாஸ்டர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். பிளம்பர் அண்ணன் மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஒன்பதாவது கேள்வி, வீட்டை நன்றாக நடத்துகிறாரா என்பது. இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. "ஐயா, அவர் என்கிட்ட பேசறதில்ல" என்றேன். "நாலு மாசம் தாண்டியாச்சு. ஒரு வார்த்தை கிடையாது."

உள்ளே தெரிந்த முழங்கால் அசையவில்லை. போதகர் தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "இதுல அதுக்குக் கேள்வி இல்லையேம்மா" என்றார். பாவம், உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"அதிகம் பேசாம இருக்கறது ஒரு குறையா?" என்றார் ஹெட்மாஸ்டர். "நாக்கை அடக்கத் தெரிஞ்சவன் எதையும் அடக்குவான்னுதானே வேதம் சொல்லுது. எங்க வீட்டுல நடக்கிற பேச்சுக்கு நான் இங்க வந்து குடியிருக்கலாம் போல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். போதகரும் தப்பித்தோம் என்று கூடச் சிரித்தார். ஒன்பதாவது கேள்விக்கு எதிரே ஏதோ எழுதினார். எழுத்தைத் தலைகீழாகப் படிப்பது எனக்குப் பழக்கம். 'பேச்சில் நிதானம் உள்ளவர்' என்று எழுதியிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தாளைப் பிடுங்கிக் கிழித்திருக்க வேண்டும். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள், அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது நானும் அந்த முழங்காலுக்குச் சொந்தக்காரரும்தான்.

டம்ளரை வைக்கிற சாக்கில் பிளம்பர் அண்ணன் சமையலறைக்கு வந்தார். "தங்கச்சி, நீ சொன்னது எனக்குப் புரிஞ்சுது" என்று குரலைத் தாழ்த்தினார். "எதுவா இருந்தாலும் இப்பவே பண்ணிடு. கைவச்சு ஜெபிச்சு மூப்பராக்கிட்டா, அப்புறம் அவர் மேல புகார் சொல்ல ரெண்டு மூணு சாட்சி வேணும். வேதத்துல அப்படித்தான் இருக்கு. அதுவரைக்கும் ஒரு ஆள் சொன்னாலே போதும்."

"பேசாம இருக்கறதுக்கு எங்கண்ணே சாட்சி தேடுவேன்?"

"அதனாலதான் சொல்றேன். மூணு ஞாயித்துக்கிழமை, இவர் மேல குறை ஏதாவது இருக்கான்னு சபையில கேப்பாங்க. யாராவது எழுந்து நின்னா நிறுத்தணும், நிறுத்தி விசாரிக்கணும். சட்டம் அது."

"பொம்பளைங்க சபையில பேசக்கூடாதே."

"நிக்கக்கூடாதுன்னு எங்கயும் இல்ல" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை மகளுக்கு ஃபோன் போட்டேன். அவள் வேறு ஊரில் நர்ஸாக இருக்கிறாள். அப்பாவின் மௌனம் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். "நான் வந்து சொல்லட்டுமாம்மா?" என்றாள். சபையை விட்டுப் போனவள் சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள். "அப்ப நீ எழுந்து நில்லு. நீ நின்னாலே அவரைக் கேப்பாங்க இல்ல?" என்றாள்.

எனக்கும் அதுதான் வேண்டும். அவரைத் தண்டிக்க வேண்டாம், அவமானப்படுத்த வேண்டாம். அவரைவிடப் பெரியவர் ஒருவர், "ஏம்ப்பா, உன் பொண்டாட்டிகூட ஏன் பேசல?" என்று ஒரு தடவை கேட்டால் போதும். அவரே மூப்பராகிவிட்டால் கேட்பதற்கு மேலே ஆள் இல்லை.

முதல் ஞாயிறு கால் வரவில்லை. இரண்டாம் ஞாயிறு, எழுந்திருக்கப் போன நேரத்தில் பக்கத்திலிருந்த டீச்சர் என் கையைப் பிடித்து, "நீங்க குடுத்து வச்சவங்க அக்கா" என்று காதில் சொன்னாள். சொன்னவள் கடைசிவரை கையை விடவில்லை.

மூன்றாம் ஞாயிறு ஓரமாக உட்கார்ந்தேன். வாடகைக்கு எடுத்த ஹாலில் இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள், நூற்று நாற்பது பேராவது இருப்பார்கள். அவரை மட்டும் முன்னால் சபையைப் பார்த்தபடி உட்கார வைத்திருந்தார்கள். நூற்று நாற்பத்தேழாவது நாள். "கடைசித் தடவையா கேக்கறேன். இந்தச் சகோதரர் மேல யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?" என்றார் போதகர்.

எழுந்து நின்றேன்.

பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சறுக்கிய சத்தத்துக்கு எல்லாத் தலையும் திரும்பியது. போதகர் திகைத்துப்போனார். ஹெட்மாஸ்டர் அவர் காதில் ஏதோ சொன்னார். "சிஸ்டர், நம்ம ஒழுங்கு உங்களுக்குத் தெரியும்" என்றார் போதகர் தன்மையாக. "பெண்கள் சபையில பேசறதில்ல. சொல்ல வேண்டியதை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அவர் எங்களுக்குச் சொல்லட்டும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிளம்பர் அண்ணன் எழுந்தார். "பாஸ்டர், அது அவரைப் பத்தின விஷயமாவே இருந்தா?"

"ஆளுக்கு ஒரு ஒழுங்கு வச்சுக்க முடியாதேண்ணே."

அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். நடுவழியாக நிதானமாக நடந்து என் வரிசைக்கு வந்தார். கை எட்டும் தூரத்தில் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "என்னம்மா? சொல்லு" என்றார்.

என்னிடம். என் முகத்தைப் பார்த்து. வண்டி ஓட்டத் தெரியாமல் நடுங்குகிறவர்களிடம் பேசுவாரே, அந்தக் குரலில்.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எதற்காகப் பேசுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை பேர் முன்னால் பேசிவிட்டால், பேசுவதே இல்லை என்று நான் சொல்வதை எவன் நம்புவான். எல்லாம் தெரிந்தும் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியது. அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம். இப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் இதுதான் நான் கேட்கிற கடைசி வார்த்தை. சொல்லாமல் விட்டால் போகிற வழியில் இன்னும் ஒன்று சொல்வார், வீட்டுக்குப் போய் இன்னும் ஒன்று.

"ஒண்ணுமில்லங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்தது. "சந்தோஷத்துல எழுந்துட்டேன்."

டீச்சரும் அழுதாள். இரண்டு வரிசையில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அவர் திரும்பிப் போய் முழங்காலிட்டார். போதகர் அவர் தலையில் கைவைத்தார், ஹெட்மாஸ்டர் வைத்தார். பிளம்பர் அண்ணன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், பிறகு அவரும் வைத்தார்.

வெளியே அரை மணி நேரம் ஆளாளுக்கு எங்கள் கையைக் குலுக்கினார்கள். காரில் ஏறி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். கல்யாணமான புதிதில் இருந்ததுபோல நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு தெரு தாண்டும்வரை காத்திருந்தேன். சிக்னலில் வண்டி நின்றதும், "வீட்டுல பால் இல்ல, கடையில நிறுத்துறீங்களா?" என்று கேட்டேன்.

பச்சை விழுந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார், கியர் போட்டார். காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சத்தமாகக் கேட்டேன். கடை வந்தது. வேகத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் அதைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார்.