நாற்பத்திரண்டாவது வரி

1

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. என் மனைவி அழிக்காமல் வைத்திருக்கும் ஒரு வரியிலிருந்து திருடியது. அவளுக்குக் கடல் ஆய்வகத்தில் வேலை. குடுவையில் மொண்ட கடல்நீரை வடிகட்டி, மீன்கள் உதிர்த்துவிட்டுப் போன செதிலிலும் சளியிலும் இருக்கும் டி.என்.ஏ.வைப் படித்து, அங்கே என்னென்ன மீன் உண்டு என்று பட்டியல் போடுவாள். வலையே வேண்டாம்.

2

அன்று கடல் சாந்தமாக —

(அடித்துவிட்டேன். அன்று நான் கடல் பக்கமே போகவில்லை.)

ஆய்வகப் படகை ஓட்டிய அவள் அண்ணன், என் மச்சான், தவறிக் கடலில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் அதே இடத்தில் தண்ணீர் எடுக்க அவளே போனாள்.

முதல் வரைவில் அவளைப் படகில் அழவைத்திருந்தேன். படித்துவிட்டு, "நான் எங்க அழுதேன்? குடுவைக்கு நம்பர் போட்டுட்டு இருந்தேன்" என்றாள். வீட்டில் அழுதது நான்தான்.

3

பட்டியலில் நாற்பத்தொரு மீன்கள். நாற்பத்திரண்டாவது வரி: மனிதன்.

(எல்லாப் பட்டியலிலும் இது வரும். தண்ணீர் எடுத்தவர் கையிலிருந்து ஒட்டியது என்று அழித்துவிடுவார்கள்.)

"அன்னைக்கு என் கையுறை கிழிஞ்சிருந்துச்சு. பாத்தேன், மாத்தல."

"அப்போ அது நீதான்."

"நானாவும் இருக்கலாம். நாங்க படிக்கிற டி.என்.ஏ. துண்டு அம்மாகிட்ட இருந்து மட்டும் வர்றது. அண்ணனுக்கும் எனக்கும் ஒண்ணுதான். பிரிச்சுச் சொல்ல முடியாது."



4

மாமியார் இன்னமும் மகனின் சட்டைகளைத் துவைத்து மடிக்கிறார். நேற்று மகளிடம் கேட்டார்: "தண்ணிய வெச்சே என்ன மீன்னு சொல்லிடுறியே. என் புள்ள அங்க இருக்கானான்னு பாத்துச் சொல்லுடி."

5

முடிவு ஒன்று: வரியை அழிப்பது. அத்தை சாகும்வரை சட்டை மடிப்பார்.

முடிவு இரண்டு: அது மச்சான்தான் என்று சொல்லிவிடுவது. மடிப்பது நிற்கும். ஒரு கிழிந்த கையுறையை நம்பி அவர் மகனுக்குக் காரியம் செய்திருப்போம்.

முடிவு மூன்று: ஏதோ ஒரு கரையில் மச்சான் கண்விழித்து —

(வெட்கமாக இருக்கிறது.)

அறிக்கை இன்று போயாக வேண்டும். "கதை கட்டுறவர் நீங்கதான. அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்று கணினியை என் பக்கம் திருப்பிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அத்தை கையில் சட்டையோடு வந்து நிற்கிறார்.

"இருக்கானா, மாப்பிள்ளை?"

நான் எழுந்துவிட்டேன். இந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.