வாய் சிவந்த கிளிப்பு

"இந்த வேன் பேசும்லா! தன்னைப் பொசுக்கினவன் யாருன்னு இத்தனை பேர் முன்னாடி அதுவே வாயத் தொறந்து சொல்லும். பாக்குறீங்களா?"

பழனியப்பன் இப்படி முழங்கியதும் மாரியம்மன் கோயில் வாசலில் எழுந்த சிரிப்பில், ஈப்போவைச் சுற்றியிருக்கும் சுண்ணாம்பு மலைகளெல்லாம் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தன. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பேராக் ஆற்று முதலைக்குச் சொத்தைப் பல் பிடுங்கிவிட்டதாகவும், அந்த முதலை இன்றைக்கும் தன்னைக் கண்டால் வாலாட்டுவதாகவும் சொல்லித் திரிந்த மனுஷன்.

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் சுகுமாரன். பழனியப்பனின் மனைவி இருளாயிக்கு உடன்பிறந்த தம்பி.

"மச்சான், வேன் எங்க பேசுது? நீங்கதான் பேசுறீங்க. இன்னும் கொஞ்சம் பேசுங்க, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில கட்டில் போட்டுருவாங்க!"

மற்றவர்கள் சிரித்தது பழனியப்பனுக்கு உறைக்கவில்லை. அது அவருக்குக் காலைக் கோப்பி மாதிரி. கிடைக்காவிட்டால்தான் தலை வலிக்கும். சுகுமாரன் சிரித்ததுதான் முள்ளாகத் தைத்தது. சற்று முன்னால் அதே வாயால்தான் அவன் ஒரு பொய்யைச் சொல்லியிருந்தான்.

ரப்பர் தோட்டத்தை அழித்துத் தாமான் குடியிருப்பு வீடுகள் கட்டியபோது மிஞ்சியவை இந்தக் கோயிலும் பின்னாலிருந்த பால் ஸ்டோரும்தான். ஒரு காலத்தில் ரப்பர் பால் எடை போட்ட கொட்டகையில் இப்போது கோயிலின் வெல்டிங் மிஷின் நிற்கிறது. தோட்டத்து ஜனங்கள் எட்டுத் திக்கும் சிதறிப்போனதால், நடக்கமுடியாத கிழடுகட்டைகளை வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஏற்றிவர ஒரு வேன். அந்த வேனின் சாவி பழனியப்பனின் அரைஞாண் கயிற்றில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவரை யாராவது தேடி வந்தார்களென்றால் அந்தச் சாவிக்காகத்தான். குளிக்கும்போதுகூட அவிழ்க்கமாட்டார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேனின் பின்படி பற்று விட்டுத் தொங்கியது. பழனியப்பன் வெல்டிங் வைத்தார். அவர் வண்டிக்கு வெல்டிங் வைப்பதென்றால் அது ஒரு பிரசவம். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார், அப்புறம் பாசிட்டிவ், அப்புறம் பேட்டரியையே இறக்கி வேப்பமரத்து நிழலில் படுக்கவைத்தார். அடுத்து, இஞ்சினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் பெட்டி. பிளக்குகளை உருவி, இருளாயியின் புதுத் துண்டில் பெட்டியைச் சுற்றி அவள் மடியிலேயே கொடுத்தார்.

"ஆட்டாத. முழிச்சுக்கும்."

"நம்ம சாந்தினி பொறந்தப்பகூட நீங்க இப்படித் தூக்கல" என்றாள் இருளாயி.

படிக்கு ஒரு சாண் தள்ளிப் பெயிண்டைச் சுரண்டி, பளபளத்த இரும்பில் மிஷினின் எர்த் கிளிப்பைக் கடிக்கவிட்டார். பக்கத்தில் கோப்பி உறிஞ்சிக்கொண்டு நின்ற சுகுமாரனிடம், "கரண்டு வீட்டுக்குத் திரும்பிப் போற வழிய பக்கத்துலயே காட்டிடணும் மச்சான். இல்லன்னா ஊரெல்லாம் சுத்தும். போற போக்குல கம்ப்யூட்டர் வீட்டுக் கதவ ஒடைச்சுட்டுத்தான் போகும்" என்றார். சுகுமாரன் தலையாட்டினான்.

மறுநாள் பூஜை. ஸ்பானர், சுத்தியல், குறடு எல்லாவற்றையும் அம்மன் முன்னால் அடுக்கி, நூல் சுற்றிப் பொட்டு வைத்தாயிற்று. விஜயதசமிப் பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. வேன் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஜம்மென்று ஓடியது. கோயில் தலைவி துளசியக்கா தன் விரலாலேயே முன்பக்கத்து இழுவைக் கொக்கியில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். அது முடிந்த கையோடு பழனியப்பனும் இருளாயியும் மகளைப் பார்க்கத் தெலுக் இந்தானுக்குப் பஸ் ஏறினார்கள். ஏறுமுன் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துச் சுகுமாரன் கையில் வைத்தார்.

"நீ இருக்கறப்போ எனக்கென்ன கவலை?"

இருளாயி மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். இன்று காலை அவர் மட்டும் திரும்பிவந்தார். சுகுமாரன் முகத்தைப் பார்க்காமல் சாவியைக் கொடுத்தான். போட்டுத் திருகினால் வேன் பிணம். ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு முனகல் இல்லை. வந்து பார்த்த மெக்கானிக், "கம்ப்யூட்டர் போச்சு. வெல்டிங் வச்சப்போ கரண்டு ஏறியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அண்ணே, வெல்டிங் வச்சது நீங்கதானே?" என்று கேட்டார் துளசியக்கா.

"பேட்டரிய எறக்கிட்டுத்தானே வச்சேன்! சுகு பக்கத்துலதான் நின்னான். கேளுங்க."

அந்தக் 'கேளுங்க'வை எவ்வளவு நிம்மதியாகச் சொன்னார்!

சுகுமாரன் தரையைப் பார்த்தான். "எறக்கலக்கா. அவசரத்துல அப்படியே வச்சுட்டாரு. நான் சொன்னேன், கேக்கல."

"பூஜையில ஓடுச்சேப்பா?"

"பாதி வெந்த பெட்டிக்கா. ஒரு நாள் ஓடிட்டுத்தான் சாகும்."

பழனியப்பனுக்குக் காதில் வண்டு புகுந்த மாதிரி இருந்தது. பெட்டியை மடியில் ஏந்தியவளைப் போனில் கூப்பிடலாம். புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்கள். துளசியக்கா கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்கண்ணே. இனிமே சுகு பாத்துக்கட்டும்."

அப்போதுதான் வேன் பேசும் என்று முழங்கினார். வேறு என்ன செய்வதென்று தெரியாதபோது அளந்துவிடுவது அவர் வழக்கம்.

அளந்துவிட்டாயிற்று, ஆடியும் காட்டவேண்டுமே. வேனின் பக்கவாட்டில் காதை வைத்தார். "ம்... ம்... அப்படியா?" என்றார். கூட்டம் மறுபடி சிரித்தது. "வெக்கப்படுது. முகத்தப் பாத்துக் கேக்கணும்" என்று முன்பக்கம் போய்க் குந்தினார்.

குந்தியவர் எழுந்திருக்கவில்லை. வேடிக்கைப் பேச்சும் நின்றுபோயிற்று.

"துளசியக்கா, இந்தப் பொட்டு நீங்க வச்சதுதானே?"

"ஆமா."

"பல்லு பதியவா வச்சீங்க?"

துளசியக்கா குனிந்து பார்த்தார். காய்ந்த சந்தனத்தின் மேல் இரண்டு வரிசைப் பல்தடம். குங்குமத்தைப் பிளந்து, பெயிண்டையும் தாண்டி, இரும்புவரை கடித்திருந்தது.

பழனியப்பன் பால் ஸ்டோருக்குள் போய் எர்த் கிளிப்பை வயரோடு இழுத்துவந்தார். வெற்றிலை போட்டுவிட்டு வாய் கொப்பளிக்க மறந்தவன் மாதிரி அதன் பல்லெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. அப்படியே பின்படியையும் குனிந்து பார்த்தார்: அவர் வைத்த வெல்டிங்குக்கு மேலே புதிதாய் இன்னொன்று.

"நான் வெல்டிங் வச்சது பொட்டு வைக்கிறதுக்கு முன்னாடி. இது கடிச்சது பொட்டு வச்சதுக்கு அப்புறம். முன்கொக்கியில கிளிப்பு, பின்படியில வெல்டிங். கரண்டு முழு வேனையும் சுத்தித்தான் வீட்டுக்குப் போயிருக்கு."

பொட்டு வைத்த பிறகு அவர் இருந்தது தெலுக் இந்தானில். சாவி யாரிடம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாத் தலையும் சுகுமாரன் பக்கம் திரும்பியது.

"ரிவர்ஸ் எடுக்கறப்போ லோங்காங் சாக்கடைக்குள்ள எறங்கிருச்சு" என்றான் அவன் மெதுவாக. "படி பிச்சுக்கிச்சு. மச்சான் வர்றதுக்குள்ள வச்சிரலாம்னு..."

"பேட்டரியக் கழட்டலியா? நான் கழட்டினத நின்னு பாத்தியே!"

"ஸ்பானர் எல்லாம் சாமிகிட்ட இருந்துச்சு. நூல் சுத்தினத எடுத்தா பாவம்லா."

"வெல்டிங் மிஷின் மட்டும்?"

"அது கனம்னு சாமிகிட்ட கொண்டுபோகல. நூலும் சுத்தல. அதான்..."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் இந்த ஒன்றை வைத்தே பழனியப்பன் பத்து வருஷம் கதை ஓட்டியிருப்பார். இப்போது அவர் கிளிப்பைச் சுகுமாரன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஸ்பானரத் தொட்டா பாவம். என் தலையில பழியப் போட்டா பாவமில்ல. அப்படித்தானேடா?"

அவனை அவர் 'டா' போட்டுப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. சுகுமாரன் கிட்டே வந்து அவர் கையைப் பிடிக்கப் பார்த்தான். அவர் கிளிப்பை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

துளசியக்கா நீட்டிய கையை எப்போதோ இழுத்துக்கொண்டிருந்தார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்ண்ணே" என்றார். பழனியப்பன் அதைக் கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டார். அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டார். ஜெயித்தவர்போலவே இல்லை.

"சிரிச்சியே சுகு" என்றார், வேனைப் பார்த்தபடி. "எல்லாரும் இங்கதான் இருக்காங்க. இப்பச் சொல்லு. வேன் பேசுச்சா, இல்லியா?"

சுகுமாரன் கொக்கியைப் பார்த்தான், சிவந்த கிளிப்பைப் பார்த்தான்.

"பேசுச்சு, மச்சான்."