இரைச்சலுக்கு மூன்று குமிழ்கள்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. எழுபத்து மூன்றாக இருக்கலாம், அடுத்த ஆண்டாகவும் இருக்கலாம். முதலில் சத்தம் கேட்டதா, தரை அதிர்ந்ததா என்பதில்கூட இப்போது உறுதியில்லை. ராஜேந்திரன் கையில் பிளக் இருந்தது மட்டும் நிச்சயம்.

ராஜேந்திரன் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தின் எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தான். தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், லைன் என்போம், எனக்குப் பக்கத்து வீடு. சங்கத்து ஆண்டு விழா நாடகத்துக்காக ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தான். ஸ்டேஷன் எதுவும் கிடைக்காத இடத்தில் ரேடியோ எழுப்பும் இரைச்சலைத்தான் அதற்குள் விட்டான். முதல் குமிழ் இரைச்சலின் கூர்மையை வடிகட்டி அடிக்குரலை மட்டும் விடும். இரண்டாவது, ஒலி எவ்வளவு வேகமாக எழவேண்டும் என்பதற்கு. மூன்றாவது, எவ்வளவு மெதுவாக அடங்கவேண்டும் என்பதற்கு. அவற்றைத் திருப்பியே எனக்கு மழை, ரயில், கடல் எல்லாம் செய்து காட்டினான். நாடகத்துக்கு வேண்டியது வேறு. பூமிக்கடியில் பாறை வெடிக்கும் சத்தம். எங்கள் ஊரில் ஏர்பிளாஸ்ட் என்போம்.

அந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்வரை அங்கேயே நிற்பார்கள். பெட்டி முதன்முறை உறுமியபோதும் ஓடினார்கள். ராஜேந்திரன் வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருந்த ஜெயம்மா பாதி வழி போய்த் திரும்பி வந்தாள். அவள் ஒரே மகன் நெடுஞ்செழியன் தினமும் கீழே இறங்குகிறவன்.

"இன்னாப்பா ராஜேந்திரா, உனக்கு வேற சத்தமே கெடைக்கலியா?"

"நாடகத்துக்குக்கா. நெஜம் மாரி கீதா?"

"பட்டாசு மாரி கீது."

"பட்டாசுக்கா அவ்ளோ தூரம் ஓடுனீங்க?"

"பெத்தவ காலு ஓடும்பா." மூச்சு வாங்க நின்றாள். "நெஜத்துல மொதல்ல காலுக்குத்தான் தெரியும். சத்தம் அப்புறமா ஏறும். சட்டுனு அடங்காது."

அவன் இரண்டாவது குமிழைத் தளர்த்தினான், மூன்றாவதை நீட்டினான். ஸ்பீக்கரைத் தரையில் வைத்துச் சுவரோடு ஒட்டினான். ஜெயம்மா வீட்டு அலமாரியில் அலுமினியப் பாத்திரங்கள் கலகலத்தன. அதன்பின் தினமும் அவள் அந்தப்பக்கத்திலிருந்து கரண்டியால் சுவரைத் தட்டித் தீர்ப்புச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் கீழ." சில வாரங்களில் அந்தச் சத்தத்துக்கு லைனில் யாரும் எழுந்து ஓடவில்லை. ராஜேந்திரன் பொட்டி என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

அன்று முற்பகல் நான் அவன் வீட்டில் இருந்தேன். பெட்டிக்குள் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. பற்றவைப்பதற்காகப் பிளக்கைப் பிடுங்கினான். அதைக் கீழே போடக்கூட இல்லை. காலடியில் தரை அதிர்ந்தது. பிறகு சத்தம் மெல்ல ஏறியது. பாத்திரங்கள் கலகலத்தன. அடங்க வெகுநேரம் ஆயிற்று.

சுவரில் கரண்டி தட்டியது. "இப்பத்தான்டா சரியா வந்துகீது!"

ராஜேந்திரன் என்னைப் பார்த்தான். நான் அவன் கையைப் பார்த்தேன். பெட்டியை மார்போடு தூக்கிக்கொண்டு, பிளக் கையில் இருக்க, அவள் வாசலில் போய் நின்றான்.

"அக்கா, நான் போடல."

"போடா, பொய்யி."

அவன் பிளக்கை உயர்த்திக் காட்டினான். அவள் அதைப் பார்த்தாள். அங்கிருந்து ஒயர் வழியாகப் பெட்டிவரை பார்த்தாள். எதிர்வீட்டில் அதுவரை கேட்ட சிரிப்பு நின்றது. ஜெயம்மா கரண்டியோடு ஓடத் தொடங்கினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். வழியில்தான் சுரங்கத்து அபாயச் சங்கு ஊதியது.

ஷாஃப்ட் வாசலில் அவள் ராஜேந்திரனின் சட்டையைப் பற்றிக்கொண்டாள். கேஜ் வந்தது, அவள் மகன் அதில் இல்லை. மறுபடியும் இறங்கி, ஏறி வந்தது, இல்லை. அவள் அழவில்லை, பிடியையும் விடவில்லை. ராஜேந்திரனும் விடுவிக்கப் பார்க்கவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில் வந்த கேஜிலிருந்து இரண்டு பேர் தாங்கிப்பிடிக்க நெடுஞ்செழியன் வெளியே வந்தான். காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள்.

நெடுஞ்செழியனுக்கு அதன்பின் காது கேட்கவேயில்லை. மேலே, இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுக்கும் அறையில் வேலை கொடுத்தார்கள். அவனோடு இருந்த முனியப்பனும் சின்னப்பாவும் இறந்துபோனார்கள். நாடகத்தை அந்த ஆண்டு போடவில்லை. ராஜேந்திரன் பெட்டியைப் பிரித்து ரேடியோவைத் தனியாக எடுத்தான். பிறகு பெங்களூருக்குப் போய்விட்டான், அங்கேயே காலமானான். ஜெயம்மா பங்காருபேட்டையில் மகன் வீட்டில் இறந்தாள். நான் இன்னும் அதே லைனில் இருக்கிறேன்.